444 மைலுக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல்

நாட்செஸ் ட்ரேஸ் பார்க்வே என்ற சாலையில் எதுவும் விற்பதில்லை. டீக்கடை கிடையாது, பெட்ரோல் பங்க் கிடையாது, விளம்பரப் பலகைகூடக் கிடையாது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் நாட்செஸ் என்ற ஆற்றங்கரை ஊரில் புறப்பட்டு, அலபாமாவின் ஒரு மூலையைத் தொட்டுக்கொண்டு, டென்னசியில் நாஷ்வில் நகரத்தின் வாசலில் போய் முடிகிற சாலை அது. நீளம் 444 மைல், அதாவது சுமார் 715 கிலோமீட்டர். லாரிகளுக்கு அனுமதி இல்லை. கார்களும் பெரும்பாலான இடங்களில் மணிக்கு 50 மைலைத் தாண்டக் கூடாது. வழி நெடுக ஒரு சிக்னல் விளக்கு இல்லை. இருபுறமும் காடு, புல்வெளி, சதுப்பு நிலம், பருத்தி வயல். பார்க்கப் பார்க்கச் சலிக்காத அழகு.

இந்தச் சாலை முழுவதையும் ஒரே வீச்சில் சைக்கிளில் கடக்க வருகிறவர்களுக்கு வழித்துணை ஏற்பாடு செய்யும் குழுவில் நான் இருக்கிறேன். நான் சைக்கிள் ஓட்டுகிறவள் இல்லை. நாகர்கோவிலில் நர்சிங் படித்து, நாஷ்வில் பக்கம் ஒரு மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கிறேன். ஓட்டுவதெல்லாம் என் கணவரும் அவருடைய சிநேகிதர்களும்தான். இரவில் விழித்திருக்கப் பழகியவள், களைத்த உடம்பைப் பார்த்தால் அடையாளம் தெரிந்துகொள்கிறவள் என்பதால், இரவு நேரப் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை விவரமாக எழுத வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. ஓட்டி முடித்தவர்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அவர்கள் ஓட்டி முடிக்க யார் என்ன செய்தார்கள் என்று யாரும் எழுதுவதில்லை.

நெடுந்தூர சைக்கிளில் இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று, பிஆர்எம் என்று சைக்கிள்காரர்கள் சொல்லும் பிரெவே. சென்னையிலும் கோவையிலும்கூட வேரூன்றிவிட்டது. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரம் என்று கெடு வைத்து ஓட்டுகிறார்கள். குறிப்பிட்ட சாவடிகளில் மட்டும்தான் வெளியாள் உதவி செய்யலாம். நடுவில் பசித்தாலும் பஞ்சர் ஆனாலும் அவரவர் பாடு. இந்த வழக்கத்தின் மகுடம் 1891இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். 1200 கிலோமீட்டர், 90 மணி நேரம். இன்னொன்று, காரும் ஆட்களும் கூடவே வருகிற வழக்கம். 1982இல் நான்கு பேர் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவிலிருந்து நியூயார்க் வரை அப்படித்தான் போட்டி போட்டுக்கொண்டு போனார்கள். பிறகு அது ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா என்று ஆண்டுதோறும் நடக்கும் பந்தயமாயிற்று. நாங்கள் செய்வது இந்த இரண்டாவது வகை. எங்களுடையது பந்தயமில்லை. 48 மணி நேரத்துக்குள் யார் முடித்தாலும் ஒரே மரியாதை.

கடையே இல்லாத சாலையில் எதற்கு இப்படி ஓர் ஏற்பாடு, ஊர் ஊராகப் போகும் சாலையில் நடத்தக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குப் பதில் இந்த வழியின் வரலாற்றில் இருக்கிறது.

முதலில் இது விலங்குகள் நடந்த தடம். பிறகு நாட்செஸ், சாக்டா, சிக்காசா மக்கள் நடந்த பாதை. பத்தாவது மைல்கல்லைத் தாண்டியதும் எமரால்டு மவுண்ட் என்ற பிரம்மாண்டமான மண்மேடு வரும். ஏறக்குறைய எட்டு ஏக்கர் பரப்பு. நாட்செஸ் மக்களின் முன்னோர் கூடையில் மண் சுமந்து கட்டிய சடங்குமேடு அது. 1800ஐ ஒட்டிய காலத்தில் ஓஹையோ ஆற்றுப் பக்கத்து விவசாயிகள் மாவு, பன்றி இறைச்சி, புகையிலை எல்லாம் தட்டைப் படகுகளில் ஏற்றி மிசிசிப்பி ஆற்றோடு கீழே வந்தார்கள். நாட்செஸிலோ நியூ ஆர்லியன்ஸிலோ சரக்கை விற்றார்கள். ஆற்றை எதிர்த்துப் படகை மேலே கொண்டுபோக முடியாது. அதனால் படகையும் பலகைக் கணக்கில் விற்றுவிட்டு, பணத்தை மடியில் கட்டிக்கொண்டு இந்தப் பாதையில் வீட்டுக்கு நடந்தார்கள். நாஷ்வில் வந்து சேர சுமார் 35 நாள். வழியில் கொள்ளைக்காரர்கள், வெள்ளம், காய்ச்சல்.

அவர்களை உயிரோடு வீட்டில் சேர்த்தவை வழிச்சத்திரங்கள். ஸ்டாண்ட் என்று அழைத்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட சத்திரங்கள் இந்த வழியில் இருந்திருக்கின்றன. சோளக் கஞ்சி, படுக்கத் தரை, குதிரைக்குத் தண்ணீர், அவ்வளவுதான். அலபாமாவில் டென்னசி ஆற்றைக் கடக்கும் இடத்தில் சிக்காசா தலைவர் ஜார்ஜ் கோல்பர்ட் சத்திரமும் நடத்தினார், ஓடமும் விட்டார். 1811 முடிந்து 1812 தொடங்கும் தறுவாயில் முதல் நீராவிக் கப்பல் நாட்செஸ் வந்தது. ஆற்றிலேயே மேலே திரும்பிப் போகலாம் என்று ஆனதும் நடப்பவர்கள் குறைந்தார்கள். சத்திரங்கள் ஒவ்வொன்றாக மூடின. இன்று மிச்சம் நிற்பது ஒன்றே ஒன்று, பதினைந்தாவது மைல்கல் தாண்டி வரும் மவுண்ட் லோகஸ்ட். 1830களில் சாக்டா, சிக்காசா மக்களையும் அரசாங்கம் மேற்கே விரட்டியது. பாதையை உண்டாக்கியவர்கள் பாதையில் இல்லாமல் போனார்கள்.

இப்போதிருக்கும் தார்ச்சாலை அந்தப் பழைய தடத்தை ஒட்டி அரசாங்கம் போட்டது. 1938இல் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் வந்தது. துண்டு துண்டாக வேலை நடந்து, 2005இல்தான் முழுமை பெற்றது. நாற்பத்தொன்றாவது மைல்கல்லுக்குப் பக்கத்தில் பழைய தடம் அப்படியே கிடக்கிறது. காலடியும் குளம்பும் சக்கரமும் பட்டுப் பட்டு, மென்மண் குடைந்து ஆளுயரத்துக்கு மேல் பள்ளமாகிப்போன நடைபாதை. இருபுறமும் மரவேர்கள் தொங்கும். நான் கூட்டி வந்த எல்லோரையும் அங்கே ஒரு நிமிடம் நிற்க வைத்திருக்கிறேன். நேரம் போகிறதே என்று பதறுபவர்களையும்தான். சத்திரத்தின் துணை இல்லாமல் இந்த வழி எளிதில்லை என்பது அங்கே நின்றால் புரியும். நாங்கள் செய்வது, மூடிப்போன அந்தச் சத்திரங்களை இரண்டு நாளைக்கு மட்டும் திறந்து வைக்கிற வேலை. எனக்கு அது சித்திரை வெயிலில் ஊர் எல்லையில் போடுகிற தண்ணீர்ப் பந்தல் மாதிரிதான்.

ஆனால் அந்தப் பந்தலை நினைத்த இடத்தில் போட்டுவிட முடியாது. தனியாக ஒருவர் சைக்கிளில் போக எந்த அனுமதியும் வேண்டாம், கட்டணமும் இல்லை. கூட்டமாக, நாள் குறித்து, கார்களோடு என்றால் பூங்காத் துறையின் சிறப்பு அனுமதி வேண்டும். எத்தனை பேர் ஓட்டுகிறார்கள், எத்தனை கார், எந்த இடத்தில் நிற்பீர்கள், யாருக்காவது அடிபட்டால் என்ன ஏற்பாடு, குப்பையை யார் எடுத்துப்போவது என்று எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். காப்பீடு எடுக்க வேண்டும். பூங்கா நிலமாதலால் மரத்தில் ரிப்பன் கட்டுவது, தாரில் அம்புக்குறி போடுவது எல்லாம் கூடாது. இந்தக் கட்டுப்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. நாங்கள் போன மறுநாள் அந்த வழியில் வருகிறவருக்கு அங்கே ஏதோ நடந்த தடயமே தெரியக் கூடாது.

மாதம் அக்டோபர். வசந்த காலத்தில் ரெட்பட், டாக்வுட் மரங்கள் பூத்துக் கண்ணைப் பறிக்கும், உண்மைதான். ஆனால் மிசிசிப்பிக்கும் அலபாமாவுக்கும் அதுதான் டொர்னேடோ சூறாவளிக் காலம். கோடையில் புழுக்கம் நம் ஊர் மே மாதத்துக்குக் குறைந்ததில்லை. அக்டோபரில் பகல் இதமாக இருக்கும், வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். ஒரே சங்கடம், இரவு பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல். அதனால் பௌர்ணமிக்கு நெருங்கிய சனி, ஞாயிறைத் தேடிப் பிடிக்கிறோம். தெருவிளக்கே இல்லாத காட்டுச் சாலையில் நிலா வெளிச்சம் எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை ஒரு முறை அமாவாசையில் போய்ப் பார்த்தால் தெரியும்.

தெற்கிலிருந்து வடக்கே போகிறோம். படகோட்டிகள் நடந்த திசை அது. மைல்கல் எண்களும் அப்படித்தான் ஏறுகின்றன. நாட்செஸில் விடியலில் புறப்பாடு. நன்றாக ஓட்டுகிறவர்கள் மதியம் கழிந்ததும் ஜாக்சன் நகரத்தை ஒட்டிய ரிட்ஜ்லண்ட் பகுதிக்கு வந்துவிடுவார்கள். இந்த வழியில் நான் மிகவும் பயப்படும் இடங்களில் அது ஒன்று. வேலைக்குப் போய்வரும் உள்ளூர்க் கார்கள் அங்கே நிறைய. சாலையின் ஓரத்தில் ஒதுங்கத் தார்ப்பட்டை கிடையாது; வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் புல்தான். சைக்கிள் முழுத் தடத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்று பூங்காத் துறை பலகை வைத்திருக்கிறது. எல்லாக் காரோட்டிகளும் பலகையைப் படிப்பதில்லை. டுப்பலோ ஊர்ப் பக்கமும், நாஷ்வில்லுக்கு முந்தைய கடைசிப் பகுதியும் இதே நிலைமைதான். அதனால்தான் சனிக்கிழமை புறப்படுகிறோம். வேலைநாளில் அந்த மூன்று இடங்களிலும் யாரையும் ஓட்ட விட மாட்டேன். ஒளிரும் மேல்சட்டை, முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, அதற்கு ஒரு மாற்று விளக்கு, இவை இல்லாதவர் நாட்செஸிலேயே நின்றுவிட வேண்டியதுதான்.

பகலில் சுமார் நாற்பது மைலுக்கு ஒரு பந்தல். இருட்டியதும் இருபத்தைந்து மைலுக்குள் ஒன்று. ராக்கி ஸ்பிரிங்ஸ், சதுப்பு நிலத்தில் சைப்ரஸ் மரங்கள் நிற்கும் இடம், காஸியஸ்கோ, ஜெஃப் பஸ்பி, டுப்பலோ, கோல்பர்ட் ஓடத்துறை, காலின்வுட், மெரிவெதர் லூயிஸ், இவற்றுக்கு நடுவே வரும் நிறுத்தங்கள் என்று மைல்கல் எண்ணோடு என் நோட்டில் வரிசையாக இருக்கும். பல இடங்களில் கைப்பேசிச் சிக்னல் கிடைக்காது. ஒவ்வொரு சைக்கிளிலும் செயற்கைக்கோள் வழி இடம் காட்டும் சிறு கருவி கட்டுகிறோம். ஆனாலும் ஒவ்வொரு பந்தலிலும் ஒரு காகிதப் பேரேடு உண்டு: எண், வந்த நேரம், போன நேரம், என்ன சாப்பிட்டார். பேட்டரி தீர்ந்தாலும் பேரேடு பேசும்.

கார்கள் சைக்கிளின் பின்னாலேயே ஊர்ந்து வருவதில்லை. குறுகிய இருவழிச் சாலையில் அது மற்றவர்களுக்கு இடைஞ்சல், ஆபத்தும்கூட. கார் முன்னே தாண்டிப் போய், சாலையோர நிறுத்தம் வந்ததும் ஒதுங்கிக் காத்திருக்கும். சைக்கிள் கடந்ததும் கொஞ்சம் விட்டு மறுபடி தாண்டும். ஒரு காரில் எப்போதும் இருவர். ஒருவர் ஓட்டினால் மற்றவர் உறங்கலாம். சைக்கிள்காரரின் தூக்கத்தைப் பற்றிக் கவலைப்படுகிற எல்லோரும் காரோட்டும் தொண்டரின் தூக்கத்தை மறந்துவிடுகிறார்கள். இரண்டாம் நாள் அதிகாலையில், மான்கள் குறுக்கே பாயும் சாலையில், அரைத்தூக்கத்தில் ஸ்டியரிங் பிடித்தவரைவிடப் பெரிய ஆபத்து இந்த நிகழ்ச்சியில் வேறில்லை. ஆறு மணி நேரத்துக்கு மேல் எவரும் தொடர்ந்து ஓட்டக் கூடாது என்பது எங்கள் சட்டம்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். இது எனக்குப் பிரியமான பகுதி. இப்படி நாள் முழுக்க மிதிக்கிறவருக்கு மணிக்கு 60 கிராமிலிருந்து 90 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். கடையில் விற்கும் இனிப்புக் கூழ்ப் பொட்டலங்களை முதல் எட்டு மணி நேரம் விழுங்குவார்கள். அதன் பிறகு அந்த இனிப்பைப் பார்த்தாலே குமட்டும். அப்போது கேட்பது உப்பும் புளிப்பும்தான். அதனால் எலுமிச்சைச் சோறு.

அதைச் சமைத்துத் தர நாஷ்வில்லின் பெல்வியூ பகுதியில் ஒரு அக்கா இருக்கிறார். நாஷ்வில் ஸ்ரீ கணேசா கோயில் அந்தப் பகுதியில்தான். சாலையின் வடக்கு முனையும் அங்கிருந்து காரில் கொஞ்ச தூரம். தமிழ்க் குடும்பங்கள் கோயிலுக்கு வந்துவிட்டு அப்படியே ஒரு சுற்று இந்தச் சாலையில் போய்வருவது வழக்கம். கோயிலில் விசேஷமென்றால் நூறு பேருக்கு அசராமல் சமைக்கிற கை அந்த அக்காவுடையது. முதல் முறை அவரிடம் கேட்டபோது, "எத்தனை பேருக்குன்னு சொல்லும்மா, அரிசி நான் போட்டுக்கறேன்" என்றார். "அக்கா, ஆளுக்கு இருபது உருண்டை. மிளகாய் வேண்டாம், கடலைப்பருப்பு வேண்டாம், எண்ணெய் பேருக்கு. சோறு குழைஞ்சு இருக்கணும்" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பத்தியச் சோறுன்னு சொல்லு" என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது. எண்ணெய் மிகுந்தால் வயிற்றை விட்டு நகராது. பருப்பைக் கடிக்க நேரமும் வாயில் ஈரமும் வேண்டும். காரம் இரவில் நெஞ்சைக் கரிக்கும்.

குட்டை அரிசியைக் குழைய வடித்து, உப்பு சற்றுத் தூக்கலாக, எலுமிச்சையும் மஞ்சளும் சேர்த்து, ஒவ்வொன்றும் நூறு கிராம் உருண்டை. நூறு கிராம் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. இரண்டு உருண்டையும் அரை பாட்டில் சர்க்கரைத் தண்ணீரும் ஒரு மணி நேரக் கணக்குக்குச் சரியாகப் போகும். அலுமினியத் தாளில் சுற்றும்போது ஒரு மூலையை வெளியே நீட்டிவிட்டு மடிப்போம். மரத்துப்போன விரல்களும் கையுறையும் அந்த மூலையைப் பிடித்து ஒரே இழுப்பில் பிரித்துவிடும். அந்த மூலை இல்லாவிட்டால் பசித்தவர் பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சாப்பிடாமலே போய்விடுவார். அலபாமாக்காரர் ஒருவர் தயிர்ச்சோற்றைக் கிண்ணத்தில் வாங்கி நின்றபடி குடித்துவிட்டு, இதில் என்ன மருந்து போட்டீர்கள் என்று கேட்டார். தயிர், சோறு, உப்பு, இஞ்சி என்றேன்.

தண்ணீர் விஷயத்தில் நம் மக்கள் நிறையக் குடி, நிறையக் குடி என்று சொல்லிப் பழகியவர்கள். இங்கே அது ஆளைக் கொல்லும். வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்க, வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். முதலில் குமட்டல், தலைவலி, பிறகு குழப்பம், முற்றினால் வலிப்பு. நீர்வற்றிப் போனவருக்கும் இதே குமட்டலும் தலைவலியும்தான். பார்த்து வித்தியாசம் சொல்வது கடினம். அதனால் நாட்செஸில் புறப்படும் முன் எல்லோரையும் எடை போடுகிறோம். பெரிய பந்தல்களிலும் ஓர் எடை இயந்திரம் இருக்கும். எடை குறைந்திருந்தால் குடிக்க வேண்டியவர். எடை கூடியிருந்தால், விரலில் மோதிரம் இறுகியிருந்தால், பாட்டிலைக் கையிலிருந்து வாங்கிவிட வேண்டும். கோல்பர்ட் ஓடத்துறையில் ஒருவரை இப்படித்தான் நிறுத்தினோம். மோதிரத்தைச் சுழற்றச் சொன்னேன், சுழலவில்லை. மைல்கல் 327 வரை வந்தவரை அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்புவது சுலபமான காரியம் இல்லை. அவர் அழுதார். மறுநாள் மருத்துவமனையிலிருந்து அவர் மனைவி போனில் நன்றி சொன்னார்.

இரவுதான் எல்லாம். முதல் நாள் பொழுது சாயும்போது பெரும்பாலானவர்கள் காஸியஸ்கோ ஊரைச் சுற்றி, மைல்கல் 160க்குப் பக்கத்தில் இருப்பார்கள். அங்கிருந்து டுப்பலோ வரை நூறு மைல் கும்மிருட்டு. இரவு இரண்டிலிருந்து ஐந்து வரை மனித உடம்பு விழித்திருக்கவே விரும்பாத நேரம். மருத்துவமனையில் நான் தினமும் பார்க்கிற நேரம். மரங்கள் மனிதர்களாகத் தெரியும். மைல்கல் நாயாகக் குரைக்கும். அனுபவசாலிகள்கூட, தூங்குகிறோம் என்று தெரியாமலே சில நொடி தூங்கிப்போவார்கள்.

மைல்கல் 193இல் ஜெஃப் பஸ்பி என்ற முகாமிடம். அங்கே என் மேசைக்கு இரவு இரண்டரை மணிக்கு ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. சைக்கிளைச் சாய்த்து வைத்தார், அது சரிந்து விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வருகிற எல்லோருக்கும் நான் வைக்கும் சோதனை சின்னது. மேல்சட்டை ஒன்றைக் கொடுத்துப் பொத்தான் போடச் சொல்வேன். மணிக்கணக்கில் ஹேண்டில்பாரை அழுத்தி நரம்பு நசுங்கியவருக்குச் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயிருக்கும். பொத்தான் போட முடியாத கையால் பிரேக் பிடிக்கவும் முடியாது. பிறகு மூன்று கேள்வி: கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், அடுத்த பந்தல் எது, இப்போது மணி என்ன இருக்கும்? ஆசிரியர் பொத்தானைப் போட்டுவிட்டார். கேள்விகளுக்கும் பதில் சரிதான். ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். முகவாயை உள்ளங்கையில் தாங்கியே பேசினார். கழுத்துத் தசை சோர்ந்து தலையைத் தாங்க மறுப்பதன் தொடக்கம் அது. 1983இல் ரேஸ் அக்ராஸ் அமெரிக்காவில் மைக்கேல் ஷெர்மருக்கு நேர்ந்ததால் ஷெர்மர் கழுத்து என்றே அதற்குப் பெயர். முற்றிவிட்டால் சாலையைப் பார்க்கவே தலை நிமிராது.

"ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள்" என்றேன். முடியாது, நேரம் போய்விடும் என்றார். எங்களிடம் கையெழுத்துப் போட்ட தாளில் ஒரு வரி உண்டு: இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை, பந்தல் பொறுப்பாளர் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும், வாதம் கிடையாது. அந்த வரியைக் காட்டினேன். காரின் பின் இருக்கையில் படுக்க வைத்து, கழுத்துக்கடியில் சுருட்டிய துண்டு வைத்து, காலணியைக் கழற்றினேன். காலணி கழலும் முன்பே தூங்கிவிட்டார். அரை மணிக்கு ஒருமுறை மூச்சைப் பார்த்தேன். நாலேகாலுக்கு எழுப்பி, சூடாகச் சோற்றுக்கஞ்சி கொடுத்து, மறுபடி அதே மூன்று கேள்வி கேட்டேன். இந்த முறை யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவுக்குள் நாஷ்வில் முனையில் வந்து நின்றார்.

சின்னத் தூக்கமும் உண்டு. ஒரு குவளை காப்பியைக் குடித்த கையோடு இருபது நிமிடம் படுக்க வைப்போம். காப்பி வேலை செய்ய ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். எழும்போது இரண்டும் சேர்ந்து உதவும். ஆனால் இருபது நிமிடம் போதுமா, ஒன்றரை மணி நேரம் வேண்டுமா, அல்லது இத்தோடு போதுமா என்று தீர்மானிப்பதுதான் இந்த முழு ஏற்பாட்டின் சாரம் என்பது என் முடிவு. அனுமதி, காப்பீடு, சோறு, விளக்கு எல்லாம் வாங்கிவிடலாம். விழித்த கண்ணோடு ஒருவர் எதிரில் நின்று, நீங்கள் இப்போது போகக் கூடாது என்று சொல்வதை எங்கும் வாங்க முடியாது. ஓட்டுகிறவருக்கு அந்த நேரத்தில் அந்தத் தெளிவு இருக்காது. இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே அநியாயம்.

டென்னசிக்குள் நுழைந்ததும் சாலை ஏறி இறங்கத் தொடங்கும். மைல்கல் 386இல் மெரிவெதர் லூயிஸின் கல்லறை. அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடந்து பசிபிக் கடலைப் பார்த்துத் திரும்பிய பயணத்தின் தலைவர். 1809 அக்டோபரில், 35 வயதில், அந்த இடத்தில் இருந்த சத்திரத்தில் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். பாதியில் ஒடிந்த தூண் ஒன்று நினைவுச் சின்னமாக நிற்கிறது. இரண்டாம் நாள் மாலையில் வந்து சேர்கிறவர்களில் பலர், கேட்காமலே சைக்கிளை விட்டு இறங்கி அதன் முன்னால் நிற்பதைப் பார்க்கிறேன். 438இல் பள்ளத்தாக்கைத் தாண்டும் இரட்டை வளைவுப் பாலம், 1994இல் கட்டி முடித்தது. அதன் பிறகு ஆறே மைல்.

முடிக்கும் இடத்தில் தோரணம், பாட்டு, மேடை எதுவும் வைப்பதில்லை. மடக்கு நாற்காலி, போர்வை, சூடான சாம்பார் சாதம், வீட்டுக்குக் கொண்டுபோய் விட ஆள். முடித்தவர் யாரும் அன்றைக்குக் கார் ஓட்டக் கூடாது. பிறகு எங்கள் வேலை திரும்ப ஒருமுறை தெற்கே போவது: ஒவ்வொரு பந்தல் இடத்திலும் அலுமினியத் தாள் துண்டு, எலுமிச்சைத் தோல், டியூப் வால்வு மூடி வரைக்கும் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் பேரேட்டை மூடுவோம்.

இதைப் படிக்கிறவர்களில் சைக்கிள் ஓட்டாதவர்களே அதிகம் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதினேன். சென்னையிலோ கோவையிலோ 400, 600 கிலோமீட்டர் பிரெவே நடக்கும்போது இரவுச் சாவடிகளில் உட்கார ஆள் வேண்டும். சைக்கிள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கஞ்சி வைக்கவும், முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கவும் தெரிந்தால் போதும். உங்கள் ஊர்க் குழுவிடம் போய்ப் பெயர் கொடுங்கள். எந்த நேரம் வேண்டும் என்று கேட்டால், இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை என்று சொல்லுங்கள். அந்த நேரத்துக்குத்தான் எப்போதும் ஆள் கிடைப்பதில்லை.